ஆறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

வீட்டுக்கு வெளியாட்கள் யாராவது வந்தால், "பெரியவன் உள்ள படிச்சுக்கிட்டு இருக்கான்" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அவன் படிப்பு முடிந்து வெகு காலமாகியிருந்தது. பின்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, அதன்மேல் தொலைபேசியை மல்லாக்க வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். குளிக்கப் போகும்போதுகூட அதை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு உள்ளே எடுத்துப்போவான். தவறி வரும் அழைப்புகளுக்கும் "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்றுதான் பதில் சொல்வான். ஒருமுறை யாரோ மாவு மில் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டு, இவன் காட்டிய மரியாதையில் மிரண்டுபோய் மன்னிப்புக் கேட்டார்.

அவன் ஒரு கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருந்தான். மற்ற நிறுவனங்களுக்குக் கணக்கும் ஆவணங்களும் பார்த்துக்கொடுக்கும் பெரிய கம்பெனி அது. கண்ணாடிச் சுவர், வாசலில் செயற்கை நீரூற்று. வணிகவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெரியவன் அங்கே எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்முகம் எல்லாவற்றையும் தாண்டியிருந்தான். அதன்பிறகு ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்க தேர்வு கடைசிக் கட்டத்துல இருக்கு சார். மேலிடத்துல ஒரே ஒரு ஒப்புதல்தான் பாக்கி. தயவுசெஞ்சு அதுக்குள்ள வேற எங்கயும் சேர்ந்துடாதீங்க."

அன்று வீடே திருவிழா மாதிரி இருந்தது. அடுத்த மாதமே சித்தப்பா தனக்குத் தெரிந்த சிமென்ட் கிடங்கில் குமாஸ்தா வேலை பார்த்துவைத்தார். பெரியவன் மறுத்துவிட்டான். "வேற எங்கயும் சேராதீங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க சித்தப்பா. வாக்கு மாறக் கூடாது" என்றான். சித்தப்பா எழுந்து போனவர்தான். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அழைப்பு அடியோடு நின்றுபோயிருந்தால் ஒருவேளை அவன் தப்பித்திருப்பான். அவன் மனம் விட்டுப்போகிற சமயம் பார்த்து அது வரும். வேறு வேறு பெண் குரல்கள், சொல்வது மட்டும் அதே. மேலிடம், ஒப்புதல், சேர்ந்துடாதீங்க. அழைப்பு வந்த சில நாள் அவன் ஹாலுக்கு வந்து எல்லோரோடும் சாப்பிடுவான். பிறகு மறுபடி பின்னறைக்குள் போய்விடுவான்.

தங்கை புள்ளியியல் முடித்துவிட்டு வேலை தேடக் கிளம்பியபோது வீட்டு நிலைமை இதுதான். அவளைப் பெரியவன் 'வாலு' என்பான். வீட்டில் மற்றவர்களுக்கு அவள் சின்னவள்.

சின்னவள் ஏறாத படிக்கட்டு இல்லை. 'புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 'இரண்டாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று அடியில் பொடியெழுத்தில் போட்டிருப்பார்கள். "வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?" என்று ஓரிடத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். எதிரே இருந்தவர் சிரித்தார். "நல்ல கேள்விம்மா" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்னோர் இடத்தில் பயிற்சி என்ற பெயரில் ஒரு வாரம் முழுக்க அவர்களுடைய பழைய கணக்குகளையெல்லாம் சரிபார்க்கவைத்தார்கள். வேலை முடிந்த அன்று, "சொல்லி அனுப்பறோம்" என்று கதவைச் சாத்தினார்கள்.

"கல்யாணம் ஆன பொண்ணுக்குத்தான் கல்யாணம் பண்ணிவெப்போம்ங்கற கதையால்ல இருக்கு" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த அலுவலகத்துக்கு அவள் நேர்முகத்துக்குப் போனாலும், "அந்தக் கட்டடமா? அங்க ரெண்டாவது லிஃப்ட்டுல ஏறாத, கதவு மூட அடம்பிடிக்கும்" என்பது மாதிரி ஏதாவது சொல்லியனுப்புவார். அவரால் தர முடிந்த சிபாரிசு அவ்வளவுதான். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுபவள். மகளின் ஒரே நல்ல சுடிதாரை ஒவ்வொரு முறையும் விரல் வெட்டுப்படுகிற மாதிரி மடிப்பெடுத்துத் தருவாள்.

நேர்முகத்துக்கு அவளைத் தயார்செய்தது பெரியவன்தான். "கையைக் கட்டாத, மடியில வை. உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க. கொஞ்சம் அவசரப்படுவேன்னு சொல்லு. அது பலவீனம் மாதிரியும் இருக்கும், சுறுசுறுப்பு மாதிரியும் இருக்கும்." அப்படிச் சொல்லித்தருகிற நேரங்களில் அவன் முகத்தில் பழைய களை வரும். அதற்காகவே அவள் தெரிந்ததையும் மறுபடி கேட்பாள்.

கடைசியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெரியவன் காத்திருந்த அதே கம்பெனியில்.

கேள்விப்பட்டதும் அவன் பின்னறையிலிருந்து ஓடிவந்தான். ஓடிவந்தவன் தொலைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்ததை அம்மாதான் கவனித்தாள்.

"எந்தப் பிரிவுல போட்டிருக்காங்க?"

"வேலைவாய்ப்புப் பிரிவு. விண்ணப்பிச்சவங்ககிட்ட ஃபோன்ல பேசணும். என் குரல் நல்லா இருக்காம்."

"அப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோயிடும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "ஆனா வாலு, எனக்காக சிபாரிசெல்லாம் பண்ணாத. என் தகுதியில வரட்டும். அந்த ஒப்புதல் எங்க சிக்கியிருக்குன்னு மட்டும் மெதுவா விசாரி. போன உடனே இல்ல, செட்டில் ஆனப்புறம்."

வேலைவாய்ப்புப் பிரிவு ஏழாவது மாடியில் இருந்தது. தடுப்புப் பலகைகளுக்கு நடுவே வரிசையாகப் பெண்களும் சில ஆண்களும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே மெதுவாகப் பேசியதால் அந்தக் கூடம் முழுக்க யாரோ யாரையோ தூங்கவைப்பது போன்ற ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்கும். மேலாளர் அம்மாளுக்கு அங்கே 'மயிலிறகு' என்று பட்டப்பெயர். அவர் யாரையும் அதட்டியதில்லை. மயிலிறகால் தடவிக்கொண்டே கழுத்தை அறுப்பார் என்று பேச்சு. பக்கத்து இருக்கைக்காரன் ரகசியம் பேசுகிற குரலில் மட்டுமே பேசுவான். அவனுக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர்.

முதல் நாள் மயிலிறகு அவளை உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். "பாருங்கம்மா, நம்ம வேலை ரொம்ப சுலபம். நம்மகிட்ட தேர்வு முடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க ஆறிப்போயிடக் கூடாது. அப்பப்ப கூப்பிட்டு, சூடு குறையாம பார்த்துக்கணும். என்ன சொல்லணுமோ அது திரையிலேயே வரும். சொந்தமா எதுவும் சேர்க்காதீங்க."

திரையில் வந்ததைச் சின்னவள் படித்தாள். 'உங்கள் தேர்வு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மேலிடத்தில் ஒரே ஒரு ஒப்புதல்...'

ஒரு சொல் மாறவில்லை. பின்னறையில் அண்ணன் எத்தனையோ முறை சொல்லிக் காட்டிய அதே வாசகம், நிறுத்தும் இடம் உட்பட.

முதல் சில நாட்கள் அவளுக்கு அது தவறாகத் தெரியவில்லை. ஒப்புதல் வரத்தான் போகிறது, பெரிய இடத்தில் எல்லாம் தாமதமாகும் என்றுதான் நினைத்தாள். அவள் பேசியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர், தன்னைக் கண்டக்டர் வேலைக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொல்லி, போகட்டுமா வேண்டாமா என்று கேட்டார். ஒருத்தி, நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒரு தகப்பனார் மகனிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "உங்க புள்ள மாதிரி நெனச்சு பாருங்கம்மா" என்றார். சின்னவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஒருநாள் உணவு இடைவேளையில் அவள் ஒலிபெருக்கியிடம் கேட்டாள். "இந்த மேலிடம்னு சொல்றோமே, அது எந்த மாடி?"

அவன் வாயில் வைத்ததை மென்று முடித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "மாடியா? அப்படி ஒண்ணு இருந்தாத்தானே மாடி இருக்கும்" என்று கிசுகிசுத்தான்.

"புரியல."

"வெளியூர்க்காரங்க நம்மகிட்ட ஒப்பந்தம் பேச வருவாங்க. 'வேலையைக் கொடுத்தா ஆள் தயாரா இருக்கா'ன்னு கேப்பாங்க. 'இத்தனை ஆயிரம் பேர் தேர்வு முடிஞ்சு ரெடியா நிக்கறாங்க, வேணும்னா இப்பவே ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்க'ன்னு மயிலிறகு காட்டுவாங்க. அதுக்குத்தான் அவங்க. ஒப்பந்தம் வந்தாலும் இங்க இருக்கற ஆளை வெச்சே முடிச்சுடுவாங்க."

"அப்ப விளம்பரம்? தேர்வு? நேர்முகம்?"

"அதெல்லாம் நடத்தாம ஆள் எப்படிச் சேரும்?" அவன் டப்பாவை மூடினான். "நீயும் நானும்தான் நிஜமா எடுத்த ஆளுங்க. காத்திருக்கறவங்ககிட்ட பேச ஆள் வேணுமில்ல."

அன்றைக்கு மிச்ச வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாள். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்கும். மறுமுனையில் இருப்பவர் நிம்மதியாக விடும் மூச்சு. அதுவரை அவள் அதைக் கவனித்ததில்லை. அன்றிலிருந்து அது மட்டுமே கேட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெருமூச்சு விட்டால்கூட அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது.

வீட்டில் பெரியவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் அந்தப் பக்கம் போகல அண்ணா."

"பரவால்ல, பரவால்ல. அவசரமே இல்ல."

அதே பதிலை அவள் நாளுக்கொரு விதமாகச் சொல்லிவந்தாள். அவனும் ஒவ்வொரு முறையும் அவளைத் தேற்றுகிற மாதிரி "அவசரமில்ல" என்பான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். சொன்னால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? அந்தக் காத்திருப்பு ஒன்றைத்தான் அவன் தினமும் காலையில் எழுந்து, முகம் கழுவி, ஒரு உத்தியோகம் மாதிரி செய்துகொண்டிருந்தான்.

ஒரு மாலை அப்பா சாப்பிட்டுக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னார். எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு வயதான அம்மாள். "கதவுல வாயை வெச்சுப் பேசிக்கிட்டே இருந்தேன். இதோ வந்துட்டேம்மா, இதோ ஆச்சும்மான்னு. பேச்சை நிறுத்துனா அழுவாங்க. அங்க காவலுக்கு நிக்கறவன் எனக்கு முன்னாடியே அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான், இதோ வர்றாங்கன்னு. எனக்கு ஃபோனே பண்ணாம! எவ்வளவு நேரம்! எனக்கு வந்த கோபத்துல..."

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "உனக்கு என்னம்மா?" என்றாள் அம்மா. "பசிக்கல" என்றாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலையை மேலாளர் கூடவே கேட்டு மதிப்பிடும் நாள் ஒன்று உண்டு. அன்று மயிலிறகு இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருடைய வாசனைத் தைலத்தின் மணம் அவள் தோளைத் தாண்டி வந்தது. எண்களை இயந்திரமே போடும். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகப் போகும். சில அழைப்புகள் நல்லபடியாக முடிந்தன. "அருமைம்மா. கடைசிச் சொல்லுல மட்டும் கொஞ்சம் சிரிங்க. சிரிப்பு ஃபோன்ல தெரியும்" என்றார் மயிலிறகு.

அடுத்த பெயர் திரையில் வந்தது. அவள் அண்ணன் பெயர்.

ஹெட்செட்டைக் கழற்றிவிடலாம் என்று நினைப்பதற்குள், கம்பெனி எண்ணைப் பார்த்து முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"வணக்கம் மேடம்."

மயிலிறகு பின்னாலிருந்து லேசாக நாற்காலியைத் தொட்டார்.

"வணக்கம் சார்" என்றாள் சின்னவள். பயிற்சியில் பழகிய வேலைக் குரலில்தான் சொன்னாள். "வேலைவாய்ப்புப் பிரிவுல இருந்து பேசறேன்."

மறுமுனையில் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்டது. தினமும் காலையில் அவளை எழுப்பும் நாய்.

"சொல்லுங்க மேடம்."

அவள் சொன்னாள். கடைசிக் கட்டம். மேலிடம். ஒரே ஒரு ஒப்புதல். வேற எங்கயும் சேர்ந்துடாதீங்க. கடைசிச் சொல்லில் சிரித்தும் வைத்தாள். அவன் "ரொம்ப நன்றி மேடம், ரொம்ப நன்றி" என்றான். பிறகு அந்த மூச்சு வந்தது.

"இதுதான்மா வேலை" என்று மயிலிறகு அவள் தோளைத் தட்டினார். "உங்களை நிரந்தரம் பண்ண எழுதிடறேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியவன் சவரம் செய்திருந்தான். முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மா அவன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டாங்க வாலு!" என்றான். "இன்னைக்குக் கூப்பிட்டாங்க."

"யாரு?" என்றாள்.

"புதுசா ஒரு மேடம்." அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "நல்ல குரல். பொய் சொல்ற குரல் இல்ல. இந்தத் தடவை கண்டிப்பா நடக்கும்னு தோணுது."

அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயம். மறுநாளிலிருந்து அவன் காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பெல்ட் போட்டு, மேசைமுன் உட்காரத் தொடங்கினான். சட்டை கசங்கும் என்று முதுகைச் சாய்க்கமாட்டான். அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வா" என்று அங்கிருந்தபடியே கையாட்டுவான். வழியெல்லாம் அந்த நிமிர்ந்த முதுகு அவள்கூடவே வந்தது. ஹெட்செட்டை மாட்டினால் யார் "வணக்கம் மேடம்" என்றாலும் அவன் சொல்வதாகவே இருந்தது. ஒருநாள் வேறு யாரோ ஒருவரை "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டாள். ஒலிபெருக்கி திரும்பிப் பார்த்தான்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல், கீழிருந்து வரவேற்பறைப் பெண் மயிலிறகுக்குத் தகவல் சொன்னாள். ஒருவர் நேரில் வந்திருக்கிறார், ஒப்புதல் என்ன ஆயிற்று என்று கேட்கிறார், சத்தம் போடவில்லை, ஆனால் போகவும் மாட்டேன் என்கிறார். மயிலிறகு எழுந்து பார்த்தார். அவர் கண் சின்னவள்மேல் நின்றது.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. உங்க குரலுக்கு எல்லாரும் சமாதானம் ஆயிடறாங்க. எப்பவும் சொல்றதையே நேர்ல சொல்லிட்டு வாங்க, போதும்."

லிஃப்ட் இறங்குகையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது யார் என்று.

வரவேற்பறை நிறைய ஆட்கள். அன்றைக்கும் புதியவர்களுக்கான நேர்முகம் நடந்துகொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டைகளும் மடியில் கோப்புகளுமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் உதடசைத்துப் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பெரியவன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். வெளிச்சத்தில் அவனை அவள் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வெயில் படாத தோல் வெளிறிப்போயிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் கை கூப்பினான்.

"வணக்கம் மேடம். நீங்கதானே என்னைக் கூப்பிட்டுப் பேசினீங்க?"

"ஆமா" என்றாள்.

"வேலை இருக்கா மேடம்? இருந்தா எவ்வளவு நாள் வேணாலும் இருக்கேன். எனக்கு அது பழகிப்போச்சு. இருக்கா இல்லையான்னு மட்டும் நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். வரவேற்பறைப் பெண் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். திரையில் வரும் வாசகம் சின்னவளின் வாயில் தயாராக இருந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்ற அதை அவள் விழுங்கினாள்.

"இல்ல" என்றாள். தன் சொந்தக் குரலில். "வேலை இல்லண்ணா. எப்பவுமே இருந்ததில்ல. மேலிடம்னு ஒண்ணும் கிடையாது. காத்திருக்கற ஆள் நிறைய இருக்காங்கன்னு காட்டறதுக்காகத்தான் கூப்பிடறோம். இதோ, இன்னைக்கு இங்க வந்திருக்கறவங்களையும் அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. யாருக்கும் வேலை கிடையாது. எழுந்து போங்க எல்லாரும். வேற எங்க கிடைச்சாலும் சேர்ந்துடுங்க."

சொல்லிவிட்டு நின்றாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் சொன்னது அவர்களுக்குக் கேட்காமல் இல்லை. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான். ஒருவர் கோப்பைத் திறந்து தன் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கத் தொடங்கினார். சாம்பல்நிறத் துப்பட்டா போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, "மேடம், இதுவும் தேர்வுல ஒரு பகுதியா? நாங்க எப்படி நடந்துக்கறோம்னு பார்க்கறதுக்கா?" என்று கேட்டாள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். என்ன சொன்னாலும் அந்தப் பெண் அதைத் தேர்வாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று புரிந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் எண்தான். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, சின்னவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

பெரியவன் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தான். சின்னவள் கைப்பையைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள். நீரூற்றைத் தாண்டி, சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்தையும் விட்டுவிட்டு அவன் போய்க்கொண்டே இருந்தான். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்த பிறகுதான் அவளால் பக்கத்தில் போக முடிந்தது.

"அண்ணா."

அவன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினான்.

"என் குரல்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"வணக்கம்னு சொன்னப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல? வீட்டுல கூட கேக்கலியே?"

"மத்தவங்க சொன்னப்பல்லாம் எனக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு" என்றான். "ராத்திரியெல்லாம் பொய்யோன்னு தோணும், விடிஞ்சா நிஜம்னு தோணும். அன்னைக்கு நீ கூப்பிட்ட. என் தங்கச்சி என்கிட்ட பொய் சொல்லமாட்டா, அப்ப இது நிஜம்தான்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா முழுசா நம்புனேன்."

அவள் அழுதாள். அவன் அழவில்லை, அவளைத் தேற்றவுமில்லை. போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் கழித்து, "சித்தப்பா நம்பர் அப்பாகிட்ட இருக்குமா?" என்று கேட்டான்.

மறுநாள் கைப்பையை எடுக்கப்போன சின்னவளை மயிலிறகு தன் அறைக்குள் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். கோபமே படவில்லை. "வயசுக்கோளாறு, புரியுதும்மா. உங்க திறமை எங்களுக்குத் தெரியும். இப்போதைக்கு வீட்டுல இருங்க. தேவைப்படும்போது நாங்களே கூப்பிடறோம்" என்றார். அனுபவச் சான்று கேட்டதற்கு, "வரும்மா, ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்றார். வெளியே வரும்போது ஒலிபெருக்கி நிமிரவில்லை. அவன் யாரிடமோ அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கடந்துபோகையில் மட்டும் ஒரு கணம் தடுமாறி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

சிமென்ட் கிடங்கு வேலை எப்போதோ கைமாறிப்போயிருந்தது. ஆனால் சித்தப்பா மனம் இளகி, தொலைவில் ஓர் ஊரில் மீனையும் காய்கறியையும் பனிக்கட்டியாக உறையவைத்துப் பாதுகாக்கும் கிடங்கில் பெரியவனுக்கு இடம் பிடித்துக்கொடுத்தார். சரக்கு வரவு பார்க்கும் வேலை. உறைகுளிரில் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கிளம்புகிற அன்று அம்மா அழுதாள். அவன் சின்னவளிடம் "வர்றேன்" என்று மட்டும் சொன்னான். வாலு என்று சொல்லவில்லை.

அவள் மறுபடி படியேறி இறங்கினாள். இடையில் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்றாள். கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். "தெரியுதா, தெரியலையா?" என்று கேட்பாள். தெரியவில்லை என்று அவர்கள் தயங்காமல் சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் யாராவது நீளமாக மூச்சு விட்டால் கையிலிருக்கும் கண்ணாடி நழுவும். கடைக்காரர் இரண்டு முறை கண்டித்துவிட்டார்.

பெரியவன் முதல் விடுமுறைக்கு வந்தது ஒரு மதியம். உடம்பு தேறியிருந்தது. கை விரல்களில் குளிரால் வெடிப்பு. சித்தப்பாவும் வந்திருந்தார். சாப்பிடும்போது கிடங்கைப் பற்றி நிறையச் சொன்னான். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் ஒரு சத்தமும் கேட்காதாம், தொலைபேசியும் வேலை செய்யாதாம். அதைச் சொல்லும்போது சிரித்தான். "என்ன வாலு, பேசவே மாட்டேங்கற" என்று தானாகவே கேட்டான். அப்போதுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பயணக் களைப்பில் ஹாலிலேயே பாயை விரித்துப் படுத்தவன் உடனே தூங்கிவிட்டான். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அவன் பேச ஆரம்பித்தான். முதலில் ஏதோ உளறல் என்று நினைத்தார்கள். பிறகு தெளிவாகவே கேட்டது.

"வணக்கம் சார்... வணிகவியல் சார்... முதல் வகுப்பு." கொஞ்சம் நிறுத்தினான், யாரோ கேள்வி கேட்டது போல. "கொஞ்சம் அவசரப்படுவேன் சார், அதான் என் பலவீனம்." மறுபடி நிறுத்தம். கண் மூடியபடியே முகத்தில் ஒரு பணிவான சிரிப்பு. "நாளைக்கே சேரலாம் சார். எந்த ஊரா இருந்தாலும் சரி."

அம்மா எழுந்து அவன் தோளைத் தொடப்போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவள் பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். 'உங்களை எடுத்தாச்சு' என்று ஒரு வார்த்தை காதருகே சொன்னால் அவன் நன்றாகத் தூங்குவான் என்று பட்டது. சொல்ல வாயெடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி சார்" என்றான் அவன். "வெளியில இருக்கேன் சார்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மடக்கிய கைகள் மார்பின்மேல், கோப்பு ஒன்றைப் பிடித்திருப்பது போல இருந்தன.